மஞ்சள் பைத் துணி கட்டிய கன்றுகள்

பேபியின் சினையாடு மரக்கன்றுகளுக்கு நடுவே போய்க் குட்டி போட்ட அன்று, பொன்னுசாமி அதைப் பட்டியில் அடைத்திருக்க வேண்டும். வேலிக்குள் ஆடு மாடு நுழைந்தால் பிடித்துக்கொண்டு போய்ப் பஞ்சாயத்துப் பட்டியில் விட்டுவிட வேண்டும், உடையவர்கள் அபராதம் கட்டி மீட்டுக்கொள்ளட்டும் என்று வாட்சர் வேலைக்கு வைக்கும்போதே அவருக்குச் சொல்லியிருந்தார்கள். அந்த ஆடும் சும்மா நுழையவில்லை. ஒரு வரிசைப் புங்கங்கன்றின் கொழுந்தையெல்லாம் மேய்ந்து முடித்துவிட்டுத்தான் புதர் நிழலில் படுத்து முனகியது.

பொன்னுசாமி தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துத் தரையில் விரித்தார். மத்தியானம் முழுக்க நாய்களை விரட்டிக்கொண்டு ஆட்டுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். குட்டி விழுந்ததும் துடைத்து, துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு, தாயைப் பின்னால் வரவிட்டு, பேபி வீட்டு வாசலில் கொண்டுபோய்க் கட்டினார். ஒரு சட்டியில் வெல்லத்தண்ணியும் வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

தாம்பரத்தில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துவிட்டுப் பேபி வந்தபோது, குட்டி எழுந்து நின்று தள்ளாடிக்கொண்டிருந்தது. யார் செய்த வேலை என்று கீழே கிடந்த துண்டைப் பார்த்துத்தான் தெரிந்தது. துவைத்து மடித்து மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"என்துதான். எங்கியோ வுட்டுட்டேன்னு தேடிக்கினு இருந்தேன்" என்று வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார் பொன்னுசாமி. ஆட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

அதுவரை பேபிக்கு அவரைக் கண்டாலே ஆகாது. அவளுக்கு மட்டுமல்ல, அந்தப் பக்கத்தில் ஆடு வைத்திருந்த யாருக்குமே ஆகாது. பெருங்களத்தூரில் தண்டவாளத்தைத் தாண்டி மேற்கே முடிச்சூர் போகிற வழியில் இருந்த அந்தத் தரை, அவர்களுக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து மேய்ச்சல் புறம்போக்கு. எண்பதுகளின் நடுவில் தெற்கே எங்கோ ஒரு குன்றோரக் காட்டை வெட்டி மின்சாரக் கோபுரம் நட்டார்கள். வெட்டின காட்டுக்கு ஈடாக வேறு இடத்தில் மரம் வைத்துக் காட்டியாக வேண்டும் என்று சர்க்காரில் விதி. தேடிப் பார்த்ததில் அந்த வேறு இடம் இதுவாகப் போய்விட்டது. முள்வேலி வந்தது, குழி வந்தது, லாரியில் கன்றுகள் வந்தன. வேம்பும் புங்கனும் வாகையும் வேலமும். ஊரார் அதற்குப் 'பதில் காடு' என்று பேர் வைத்தார்கள்.

"எவனோ எங்கியோ வெட்டுனதுக்கு நம்ம ஆடு இன்னா பண்ணுச்சி? அது ஏன் பட்டினி கெடக்கணும்?" என்று பேபியின் புருஷன் சவுரிமுத்து கேட்டுக்கொண்டே இருப்பான். கேட்பதற்குத்தான் ஆளில்லை.

அந்த வேலிக்குள் தென்னோலைக் குடிசை ஒன்று போட்டுக்கொண்டு இருந்தவர்தான் பொன்னுசாமி. மனைவி காலமாகி வெகுநாள் ஆகியிருந்தது. ஒரே மகளைக் கேளம்பாக்கத்தில் கட்டிக்கொடுத்திருந்தார். ஐம்பதைத் தாண்டிய, ஒல்லியான, சத்தமே போடாத மனிதர். அவர் வேலை என்னவென்றால், நட்ட கன்று பிழைத்திருக்கிறதா என்று பார்ப்பது. பட்டதுபோல் நிற்கிற கன்றை நகத்தால் லேசாகக் கீறுவார். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாக இருந்தால் பிடுங்கிவிட்டு மழைக்காலத்தில் வேறு கன்று வைக்க வேண்டும். சில மாதத்துக்கு ஒருமுறை பாரஸ்டர் வில்பிரட் சார் மோட்டார் சைக்கிளில் வந்து வரிசை வரிசையாக நடந்து, உயரம் பார்த்து, போனது எத்தனை என்று கேட்டுக்கொண்டு போவார்.

"கன்று ஆள் உசரம் தாண்டிட்டா போதும் பொன்னுசாமி. அப்புறம் அது பாட்டுக்கு வளரும். அதுவரைக்கும்தான் உன் பாடு" என்பார்.

பொன்னுசாமி அந்தப் பேச்சை மனசில் வாங்கி வைத்துக்கொண்டார். அவருக்கு வேறு ஆசை எதுவும் இருந்ததாகப் பேபிக்குத் தெரியவில்லை. இவ்வளவு கன்றையும் ஆள் உசரம் ஏற்றிவிட வேண்டும், அவ்வளவுதான்.

குட்டி விவகாரத்துக்குப் பிறகு பேபி ஆடுகளை வேலிப் பக்கம் விடுவதில்லை. வேலைக்குப் போகும் வழியில், "இன்னாண்ணா, சாப்டியா?" என்று கேட்டுவிட்டுப் போவாள். ஒருநாள் அவர், "பேபி, வேல செய்ற வூட்ல பழைய துணி கீதா? நல்லா பளிச்சினு தெரியணும், தூரத்துலேர்ந்து" என்று கேட்டார்.

கரையான் ஏறின கன்றும், வேர் பிடிக்காமல் துவண்ட கன்றும் அங்கங்கே இருந்தன. குட்டையிலிருந்து காவடியில் குடம் கட்டித் தண்ணீர் சுமந்து வருகிறபோது, எது நோவுக்காரக் கன்று என்று வரிசைக்குள் தேடிக்கொண்டிருக்க முடியவில்லை. அடையாளம் கட்டிவிட்டால் அதற்கு முதலில் ஊற்றிவிட்டு மற்றதற்குப் போகலாம். பேபி வேலை செய்கிற வீடுகளில் கல்யாணத்துக்குக் கொடுத்த பைகளும் ஜவுளிக்கடைப் பைகளும் மூட்டையாகக் கிடந்தன. எல்லாம் மஞ்சள் பை. ஒரு கட்டு வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தாள். பொன்னுசாமி அதை நாடா நாடாவாகக் கிழித்து நோவுக்காரக் கன்றுகளுக்குக் கட்டினார். ஒரு கன்றில் மாப்பிள்ளை பேர் பாதி தெரியும், இன்னொன்றில் 'பட்டு மாளிகை' என்று தெரியும். பேபி பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"இன்னாண்ணா, எல்லாத்துக்கும் கண்ணாலம் பண்ணி வச்சிட்ட போல?"

"ஆமா, நீதான் பந்திக்கு வரணும். ரெண்டு கொடம் தண்ணி எடுத்துக்கினு வா."

அப்போது ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் புதிதாகக் காலனி ஒன்று வந்திருந்தது. வங்கியிலும் தொழிற்சாலையிலும் வேலை பார்ப்பவர்கள் மனை வாங்கி வீடு கட்டிக் குடிவந்திருந்தார்கள். அதில் பட்டு என்று ஓர் அம்மா. அவருடைய பையனுக்கு அம்மை போட்டிருந்தது. வேப்பிலை பறிக்க வேலிப் பக்கம் வந்தவர், ஒரு வேப்பங்கன்றில் மஞ்சள் துணி கட்டியிருப்பதைப் பார்த்தார். கன்றின் அடியில் கரையான் மண்ணை மேடாகக் கூட்டி வைத்திருந்தது. அதற்கு மேல் அவருக்கு என்ன வேண்டும்? செருப்பைக் கழற்றிவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார். பையனுக்குத் தண்ணி ஊற்றினதும் மஞ்சளும் குங்குமமும் கொண்டுவந்து வைத்தார். அடுத்த வெள்ளிக்கிழமை அவரோடு நாலைந்து பெண்கள் வந்தார்கள்.

பொன்னுசாமி குடிசை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். போய்ச் சொல்லியிருக்கலாம். கும்பிடுகிற கையைத் தடுப்பதற்கு அவருக்கு மனசு வரவில்லை. எந்தப் பெயரில் கும்பிட்டாலும் கும்பிடுகிறவர் கண்ணில் தண்ணீர் நிற்கும்போது குறுக்கே போய்ப் பேசுவது அவ்வளவு சுலபமா என்ன?

இன்னொன்றையும் அவர் கவனித்தார். அந்தக் கன்றைச் சுற்றி ஆடு வரவில்லை. ஆடு மேய்க்கிறவர்களே அந்தப் பக்கம் ஓட்டிவராமல் பார்த்துக்கொண்டார்கள். விறகுக்கு வருகிற ஆட்களும் மஞ்சள் துணியைக் கண்டால் கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு ஒதுங்கிப் போனார்கள். முள்வேலியாலும் அவருடைய கம்பாலும் ஆகாத காரியத்தை ஒரு முழம் பைத் துணி செய்தது.

மறுவாரம் பேபியிடம் இன்னொரு கட்டுப் பை கேட்டார்.

"இவ்ளோவா நோவு கண்டுகினு கீது?" என்றாள் பேபி.

"நோவு இல்ல. நல்லா கீற வேம்புக்கும் கட்டிட்டா எவனும் தொடமாட்டான்."

பேபிக்கு என்னவோ போல் இருந்தது. "சாமி விசயம்ணா. வெளையாடாத."

"வெளையாட்டு இல்ல பேபி. இன்னும் ரெண்டு கோடை. அவ்ளோதான். அதுக்குள்ள ஆள் உசரம் ஏறிடும். அப்புறம் நானே அவுத்துடறேன்."

அவள் கொண்டுவந்து கொடுத்தாள். அந்த இரண்டு கோடையும் கன்றுகள் அப்படி வளர்ந்தன. தூரத்து ரயிலிலிருந்து பார்த்தால் பச்சையும் மஞ்சளுமாகத் திருவிழா மாதிரி தெரியும். வில்பிரட் சாருக்குக் கிறிஸ்தவராக இருந்தும் அது தப்பாகப் படவில்லை. "நல்ல யோசனை பண்ணியிருக்கே. ஒரு கன்றுகூடப் போகலை போல" என்று தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.

முதல் கோடை முடிந்த ஆடி மாதமே காலனிக்காரர்கள் கூழ் ஊற்றினார்கள். ஒலிபெருக்கி கட்டினார்கள், பந்தல் போட்டார்கள். பந்தலுக்குக் கால் நட இரண்டு வரிசைப் புங்கனைப் பிடுங்கி ஓரமாகப் போட்டார்கள். கூழ் வாங்க வந்த கூட்டம் நின்ற இடத்தில் வாகைக்கன்றெல்லாம் மண்ணோடு மண்ணாகப் போயிற்று. பொன்னுசாமி கூட்டத்துக்குள்ளே குனிந்து குனிந்து ஒவ்வொன்றாக நிமிர்த்திக் கட்டிக்கொண்டிருந்தார். அவர் ஏதோ வேண்டுதல் செய்கிறார் என்று ஜனங்கள் வழிவிட்டார்கள்.

விழா முடிந்து அந்த முதல் வேப்பங்கன்றைச் சுற்றிச் சிமெண்டு மேடை கட்டப்போகிறார்கள் என்று தெரிந்ததும், பொன்னுசாமி பேபியிடம் வந்தார்.

"நீ கூட வா பேபி. பை குடுத்தவ நீதானே. ரெண்டு பேரும் சொன்னா நம்புவாங்க."

போக வேண்டும் என்றுதான் பேபிக்கு ஆசை. ஆனால் அவள் கழுத்தில் ஜெபமாலை தொங்கிற்று. வீட்டுக் கதவில் மாதா படம்.

"அண்ணா, நா வேதக்காரி. 'அது சாமி இல்ல, வெறும் பை'ன்னு என் வாயால வந்தா அது வேற பேச்சாயிடும். நாளைக்கு எங்க தெருவுல கல்லு வந்து வுழும். எங்க வூட்டுக்காரரு வேற சும்மா இருக்கமாட்டாரு."

"ஆமா" என்றார் பொன்னுசாமி. "நா அத்த யோசிக்கல." கோபம் இல்லாமல்தான் சொன்னார். பேபிக்கு அவர் கோபப்பட்டிருந்தால் தேவலை போல் இருந்தது. பேச வேண்டாம், தூரத்தில் நின்றாவது வருகிறேன் என்று பின்னாலேயே போனாள்.

மேடைக்குச் செங்கல் இறங்கிக்கொண்டிருந்தது. பட்டு அம்மா நாலு பெண்களோடு நின்றிருந்தார். பொன்னுசாமி துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"அம்மா, ஒண்ணு சொல்லணும். அந்தத் துணி நான் கட்டுனது. கரையான் ஏறிச்சு, அடையாளத்துக்குக் கட்டினேன்."

பட்டு அம்மா சிரித்தார். நல்ல சிரிப்பு. "அது எங்களுக்குத் தெரியாதா பொன்னுசாமி? வானத்திலேர்ந்தா துணி விழும்? யாராவது ஒருத்தர் கையாலதானே கட்டியாகணும்."

"ஜவுளிக்கடைப் பைம்மா. கிட்ட போய்ப் பாருங்க, எழுத்துகூட இருக்கும்."

"எழுத்து இருந்தா என்ன? துணி மஞ்சள்தானே. இவ்வளவு செடி இருக்கே, அந்த ஒண்ணுக்குக் கட்டணும்னு ஏன் உங்களுக்குத் தோணிச்சு?"

"அதுக்குத்தான் நோவு கண்டுது."

"பாத்தீங்களா?" பட்டு அம்மா மற்ற பெண்கள் பக்கம் திரும்பினார். "நோவு கண்டதுக்குக் கட்டியிருக்கார். என் பையனுக்கும் அப்பதான் நோவு கண்டுது."

ஒரு பெண் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். உண்மையைச் சொல்லிப் பார்த்தாயிற்று. அது பொன்னுசாமியின் கையை விட்டு வேறு எங்கோ போய்விட்டது. அடுத்த வருஷக் கூழில் முதல் செம்பு அவருக்குத்தான் என்று அங்கேயே முடிவு செய்தார்கள். கொடுக்கவும் கொடுத்தார்கள். மாலை போட்டு, அம்மனை முதலில் காட்டிக்கொடுத்த ஆள் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். அவர் செம்பை இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தார்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு வந்தது. கோயிலுக்கு நடக்க ஒரு பாதை வேண்டும் என்று வேலியைப் பிரித்தார்கள். பதில் காட்டுக்குப் பின்னால் கொஞ்சம் பட்டா நிலம் இருந்தது. போக வழி இல்லாததால் அதுவரை யாரும் தொடவில்லை. இப்போது கோயில் பாதை இருக்கிறதே, அதை அகலப்படுத்திக்கொண்டால் வண்டியே போகும் என்று மனை போடுகிறவர் ஒருவர் வந்தார். கோயிலுக்குத் தகரக் கொட்டகை போட்டுக் கொடுத்தார், தண்ணீருக்கு அடிபம்பு போட்டுக் கொடுத்தார். அம்மன் பேரிலேயே நகர் என்று முகப்பில் வளைவு வைத்தார். காலனிக்காரர்களுக்கு அவர் தர்மவானாகத் தெரிந்தார்.

அந்தச் சமயம் பார்த்து வன இலாகாவில் பராமரிப்புக் காலம் முடிந்தது. கடைசியாக வந்து பார்த்தவர்கள் நல்லபடியாகவே சொல்லிவிட்டுப் போனார்கள். மரம் பிழைத்துவிட்டது, இனி வாட்சர் தேவையில்லை என்றார்கள். பொன்னுசாமி தாம்பரத்தில் வில்பிரட் சார் வீட்டைத் தேடிப் போனார். பேபி வேலை செய்கிற தெருவுக்கு அடுத்த தெரு என்பதால் அவள்தான் வழிகாட்டிக் கூட்டிப்போனாள்.

"சார், நடுவுல ரோடு போடறாங்க. ஆள் உசரம் வந்த மரம் சார் எல்லாம்."

வில்பிரட் சார் அவரை உட்காரச் சொன்னார். அவர் உட்காரவில்லை.

"எனக்கு மாற்றல் வந்துடுச்சு பொன்னுசாமி. நான் இப்ப அந்த ரேஞ்சிலேயே இல்லை. திட்டம் முடிஞ்சதும் அந்த எடம் எங்க பொறுப்பில்லை. மரம் நல்லா இருக்குன்னு நாங்களே சொல்லிட்டோம்."

"நல்லா இருக்குன்னு சொன்னதாலயா சார் யாருதும் இல்லாம பூடுச்சி?"

வில்பிரட் சார் உள்ளே திரும்பிக் காபி கொண்டுவரச் சொன்னார். அவரால் செய்ய முடிந்தது அதுதான் போல. மெட்டில்டா அம்மா, அவர் மனைவி, டம்ளர் கொண்டுவந்து வைத்தார்.

மண் தள்ளும் வண்டி வந்த அன்று காலையில் பொன்னுசாமி பாதையில் போய் நின்றார். டிரைவர் நல்ல பையன், இறங்கி வந்து பேசினான்.

"பெர்சு, கோயிலுக்குப் போற ரோடு. சாமி காரியம். நீ தான் இந்தக் கோயிலையே காட்டிக் குடுத்தியாமே, நீயே குறுக்கால நின்னா எப்டி?"

பொன்னுசாமி ஒதுங்கினார். வண்டி போன பிறகு அவருக்கு என்ன தோன்றிற்றோ, மீதி நின்ற மரங்களிலிருந்து மஞ்சள் துணிகளை ஒவ்வொன்றாக அவிழ்க்கத் தொடங்கினார். துணி இல்லாவிட்டால் கோயில் இல்லை, கோயில் இல்லாவிட்டால் பாதை இல்லை என்று நினைத்திருப்பாரோ என்னவோ. வெயிலில் இற்றுப்போன துணி தொட்டாலே கிழிந்தது. கை நிறையச் சேர்ந்துவிட்டது. பூ கொண்டுவந்த பெண்கள் பார்த்துக் கூச்சல் போட, பட்டு அம்மா ஓடிவந்தார். திட்டவில்லை. திட்டியிருந்தாலும் பரவாயில்லை.

"அண்ணா" என்றார். அதுவரை அவர் பொன்னுசாமியை அண்ணா என்று கூப்பிட்டதில்லை. "உங்களுக்கு நாங்க என்ன குறை வச்சோம்? என் பையன் நல்லா இருக்கறது உங்களுக்குப் பிடிக்கலையா?"

பொன்னுசாமி கையிலிருந்த துணியைப் பார்த்தார், அந்த அம்மா முகத்தைப் பார்த்தார். அவிழ்த்த துணிகளைத் திரும்ப எடுத்து ஒன்றொன்றாகக் கட்டினார். எது நோவுக்காரக் கன்று, எது நல்ல மரம் என்று பார்த்துக்கொண்டிருக்கவில்லை. எட்டினதற்குக் கட்டினார். வேலிக்கு வெளியே நின்ற பேபி கழுத்திலிருந்த ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டாள். என்ன கேட்பது, யாருக்காகக் கேட்பது என்று தெரியாமல் வெறும் மணியைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

தை பிறப்பதற்கு முந்தின நாள் அவர் கிளம்பினார். கேளம்பாக்கத்தில் மருமகன் ஏதோ கட்டடத்தில் காவல் வேலைக்குச் சொல்லி வைத்திருந்தான். பேபி பெருங்களத்தூர் பஸ் ஸ்டாப் வரை கூட வந்தாள். ஊருக்குப் போகிற ஜனம் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றது. கரும்புக் கட்டும் டிரங்குப் பெட்டியும் குழந்தைகளுமாகக் கால் வைக்க இடமில்லை. பொன்னுசாமியின் ஒரு மூட்டையும் கடப்பாரையும் எல்லோர் மேலும் இடித்தன. ஆளாளுக்குத் திட்டினார்கள்.

"கடப்பாற எதுக்குண்ணா? அங்க என்ன குழி வெட்டப்போற?" என்று பேபி சிரிக்கப் பார்த்தாள்.

"கெடக்கட்டும். எத்த வுட்டுட்டுப் போறது."

கேளம்பாக்கம் பஸ் ஏற்கெனவே பிதுங்கிக்கொண்டு வந்தது. கண்டக்டர் கடப்பாரையைப் பார்த்து ஏறாதே என்றான். பிறகு ஏறு ஏறு என்றான். பொன்னுசாமி படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு திரும்பினார். பேபி கிட்டே போனாள். அவர் சொல்ல நினைத்தது வேறு ஏதாவதாக இருக்கும் என்று அவள் எதிர்பார்த்தாள்.

"பேபி, ரோட்டுக்கு மண்ணு கொட்டி ஒசத்திட்டானுங்க. அந்தாண்ட மிஞ்சுன மரம் பள்ளத்துல மாட்டிக்கிச்சி. மழ வந்தா தண்ணி போவ வழி இல்ல. வேலம் தாங்கிக்கும். வேம்பு தாங்காது, வேரு அழுவிடும். ரோட்டுக்கு அடில ஒரு கொழா பொதைச்சா போதும். யாரு கைலயாவது சொல்லு. நா சொன்னேன்னு சொல்ல வாணாம். தண்ணி நிக்கிதுன்னு மட்டும் சொல்லு."